சயாம் தாத்தாவின் சப்பாத்து

தீபாவளிக்கு முதல் நாள் முன்னோருக்குப் படைக்கும்போது, "இது சயாம் போனவருக்கு" என்று சொல்லி உங்கள் வீட்டில் தனியாக ஓர் இலை போடுவது உண்டா? தோட்டப்புறத்துக் குடும்பங்கள் பலவற்றில் அப்படி ஓர் இலை உண்டு. எங்கள் வீட்டிலும் உண்டு.

காஜாங் பட்டணத்தை அடுத்த ஒரு ரப்பர்த் தோட்டத்தில்தான் எங்கள் குடும்பம் மூன்று தலைமுறை வாழ்ந்தது. என் தாத்தாவுக்கு ஓர் அண்ணன் இருந்தார். அவரை நாங்கள் 'சயாம் தாத்தா' என்றே அழைப்போம். 1943ஆம் ஆண்டில் அவருக்கு வயது 19. கல்யாணம் ஆகவில்லை. "ஜப்பான்காரன் ரயில் ரோடு போடப் பிடித்துக்கொண்டு போனான், போனவன் திரும்பவில்லை." எங்களுக்குச் சொல்லப்பட்ட கதை இவ்வளவுதான். ஒரு படம் கிடையாது. ஒரு காகிதம் கிடையாது. இறந்த நாள் தெரியாததால் அவருக்குத் தனியாகத் திதி கொடுப்பதும் இல்லை. தீபாவளி இலை ஒன்றுதான் அவருக்கு.

நான் தமிழ்ப்பள்ளி ஆசிரியன். 2016ஆம் ஆண்டில் ஆறாம் ஆண்டு மாணவர்களிடம், அவரவர் குடும்பத்தைப் பற்றி ஒரு பக்கம் எழுதி வரச் சொன்னேன். மறுநாள் ஒரு பையன் வெறும் தாளுடன் எழுந்து நின்றான். "சார், எங்க வீட்டுல எழுதுற மாதிரி யாரும் இல்ல. எல்லாரும் பால்மரம் வெட்டுனவங்கதான்" என்றான். வகுப்பு சிரித்தது. எனக்குச் சிரிப்பு வரவில்லை. பால்மரம் வெட்டியவர்கள் இந்த நாட்டையே தூக்கி நிறுத்தியவர்கள் என்று சொல்லி, சயாம் தாத்தாவின் கதையையும் அவனுக்குச் சொன்னேன். நன்றாகத்தான் சொன்னோம் என்று எனக்குள் ஒரு பெருமையும் இருந்தது.

அந்தத் தீபாவளிக்குப் படையல் முடிந்து எல்லாரும் வாசலில் உட்கார்ந்திருந்தோம். என் தாத்தாவின் கடைசித் தங்கை, எங்களுக்கு அத்தைப் பாட்டி, அப்போது 85 வயது. பள்ளியில் நடந்ததை அவரிடம் சொன்னேன். வெற்றிலையை மென்றுகொண்டே கேட்டவர், கடைசியில் இப்படிச் சொன்னார்:

"ரயில் ரோட்டுக்குப் போனவனுக்குச் சப்பாத்து ஏது தம்பி?"

எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. "என்ன சப்பாத்து, பாட்டி?" என்றேன்.

"பெரியண்ணன் ஒரு தடவ ரெண்டு நாளு லீவுல வந்துச்சு. காக்கி உடுப்பு, காலுல பெரிய சப்பாத்து. லயத்துல அதுக்கு முன்னால சப்பாத்துப் போட்ட ஆளு தொரையும் கிராணியும்தான். நாங்க புள்ளைங்க எல்லாம் வரிசையா நின்னு அந்தச் சப்பாத்தைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தோம். வணக்கம் சொல்ல மாட்டான். ஜெய்ஹிந்துன்னுதான் சொல்லுவான்."

எழுபது ஆண்டுகளுக்கு மேலாக எங்கள் வீட்டில் இருந்த கதை, ஒரு சோடிச் சப்பாத்தில் தடுக்கி விழுந்தது. சயாம் தாத்தா ரயில் ரோட்டுக் கூலியாகப் போகவில்லை. நேதாஜியின் இந்திய தேசிய ராணுவத்தில் சிப்பாயாகப் போயிருக்கிறார்!

ஒரே சொல், இரண்டு வழி

நம் பெரியவர்கள் 'சயாம் போனார்' என்று சொல்வதில் இரண்டு வேறு கதைகள் கலந்து கிடக்கின்றன. அவற்றைப் பிரித்து அறிவதுதான் தேடலின் முதல் படி.

முதல் கதை உங்களுக்குத் தெரியும். 1941 டிசம்பர் 8இல் ஜப்பானியர் கோத்தாபாருவில் இறங்கினார்கள். 1942 பிப்ரவரி 15இல் சிங்கப்பூர் விழுந்தது. சயாமிலிருந்து பர்மாவுக்கு 415 கிலோமீட்டர் நீளத்துக்கு ஒரு ரயில் பாதை போட ஜப்பானியர் முடிவு செய்தார்கள். முதலில் வெள்ளைக்காரப் போர்க் கைதிகளை வைத்து வேலை வாங்கினார்கள். ஆள் போதவில்லை என்று 1943இல் நம் தோட்டங்களுக்கு வந்தார்கள். 1943 அக்டோபரில் பாதை முடிந்தது. போர்க் கைதிகளில் 12,000 பேருக்கு மேல் மாண்டார்கள். ஆசியத் தொழிலாளர்களில் மாண்டவர்களோ அதைப்போலப் பல மடங்கு. 90,000 வரை இருக்கும் என்று மதிப்பிடுகிறார்கள். அவர்களில் நம் தோட்டத் தமிழர்கள் ஆயிரமாயிரம் பேர். வாந்திபேதி, மலேரியா, பட்டினி, அடி. இதுதான் சயாம் மரண ரயில்.

இரண்டாவது கதை அதே 1943இல் நடந்தது. சிங்கப்பூரில் சரணடைந்த இந்தியச் சிப்பாய்கள் 40,000 பேருக்கு மேல் இருந்தார்கள். அவர்களைக் கொண்டு கேப்டன் மோகன் சிங் முதலில் ஒரு படை அமைத்தார். அது 1942ஆம் ஆண்டின் இறுதியிலேயே கலைந்து போயிற்று. 1943 ஜூலை 2இல் நேதாஜி சுபாஷ் சந்திர போஸ் சிங்கப்பூர் வந்து சேர்ந்தார். ஜூலை 4இல் இந்திய சுதந்திர லீக்கின் தலைமையை ஏற்றார். சரணடைந்த சிப்பாய்கள் மட்டும் போதாது, இங்கே வாழும் பொதுமக்களும் படையில் சேர வேண்டும் என்று அழைத்தார். மலாயா முழுவதும் ஊர் ஊராகக் கூட்டம் போட்டார். அவர் இந்துஸ்தானியில் பேசப் பேச, தமிழில் மொழிபெயர்த்துச் சொன்னார்கள்.

அந்த அழைப்பை ஏற்றுப் பல்லாயிரம் தோட்டத் தமிழர்கள் படையில் சேர்ந்தார்கள். ஆண்கள் மட்டும் என்று நினைக்காதீர்கள், தாய்மார்களே! 1943 அக்டோபர் 22இல் சிங்கப்பூர் வாட்டர்லூ தெருவில் ஜான்சி ராணிப் படைக்குப் பயிற்சி முகாம் திறந்தார்கள். டாக்டர் லட்சுமி சுவாமிநாதன் அதன் தலைவி. கோலாலம்பூர்க் கூட்டத்தில் தம் நகைகளைக் கழற்றி நேதாஜியிடம் கொடுத்துவிட்டு, 18 வயதில் அந்தப் படையில் சேர்ந்தவர்தான் நம் ஜானகி தேவர். பின்னாளில் ஜானகி ஆதி நாகப்பன் என்று நாடறிந்தவர். 2000ஆம் ஆண்டில் இந்திய அரசு அவருக்குப் பத்மஸ்ரீ விருது அளித்தது. 2014இல் மறைந்தார். அவர் பெயர் நமக்குத் தெரியும். அவரோடு அணிவகுத்து நடந்த தோட்டத்துப் பெண்பிள்ளைகளின் பெயர்கள்தாம் தெரியாமல் போயின.

சேர்ந்தது ஏன்?

"தேசபக்தியால் சேர்ந்தார்களா, பசியால் சேர்ந்தார்களா?" என்று நீங்கள் கேட்கலாம். அத்தைப் பாட்டியிடம் நானும் கேட்டேன். "ரெண்டும்தான்" என்றார். பிறகு, "மூணாவது ஒண்ணு இருக்கு" என்றும் சொன்னார். அந்த மூன்றாவதைச் சொல்லக் கொஞ்சம் பின்னால் போக வேண்டும்.

1941ஆம் ஆண்டில், ஜப்பானியர் வருவதற்குச் சில மாதங்கள் முன்பு, கிள்ளான் வட்டாரத் தோட்டங்களில் பெரிய வேலைநிறுத்தம் நடந்தது. ஆர். எச். நாதன் அதற்குத் தலைமை தாங்கியவர்களில் ஒருவர். சீனத் தொழிலாளருக்குச் சமமான சம்பளம் வேண்டும், கள்ளுக்கடையை மூட வேண்டும், பிள்ளைகளுக்கு நல்ல பள்ளி வேண்டும் என்று தொழிலாளர்கள் கேட்டார்கள். இன்னொன்றும் கேட்டார்கள்: துரையைக் கண்டால் சைக்கிளைவிட்டு இறங்கி நிற்கும் வழக்கம் ஒழிய வேண்டும்! சம்பளத்தோடு மானத்தையும் சேர்த்துக் கேட்டார்கள் என்பதைக் கவனியுங்கள். நாதனைப் பிடித்து நாடு கடத்தினார்கள். ராணுவம் வந்தது. துப்பாக்கிச் சூட்டில் தொழிலாளர்கள் உயிரிழந்தார்கள்.

சைக்கிளைவிட்டு இறங்கி நின்ற அதே கால்களுக்கு, இரண்டே ஆண்டுகளில் ஒரு படை சப்பாத்துக் கொடுத்தது. "எங்கண்ணன் அன்னிக்குத்தான் நிமிந்து நடந்துச்சு" என்றார் அத்தைப் பாட்டி. அவர் சொன்ன மூன்றாவது காரணம் இதுதான்.

நான்காவது காரணமும் உண்டு. அதையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். ரயில் ரோட்டுக்கு ஆள் பிடிக்கிறார்கள் என்ற பயம் லயம் முழுக்க இருந்த காலம் அது. லீக்கில் சேர்ந்து படைக்குப் போய்விட்டால் அதிலிருந்து தப்பலாம் என்று சேர்ந்தவர்களும் இருந்தார்கள். அவர்களை நாம் குறைத்து எண்ண வேண்டியதில்லை. உயிரைக் காப்பாற்றிக்கொள்ள நினைப்பது பாவமா என்ன?

எதிரே நின்றவர் யார்?

இந்தப் படை பர்மாவில் யாரோடு போரிட்டது என்று நினைக்கிறீர்கள்? பிரிட்டிஷாரோடு என்று சொல்வோம். ஆனால் பர்மாவில் இருந்த பிரிட்டிஷ் சேனையில் பெரும்பாலோர் இந்தியச் சிப்பாய்களே. பஞ்சாபியர், கூர்க்கர், மராட்டியர் ஆகியோருடன் மதராஸ் ரெஜிமெண்டும் அந்தப் பக்கத்தில் இருந்தது. ஆக, இந்தியனுக்கு எதிரே இந்தியன். தமிழ் பேசுகிறவன் இரண்டு பக்கமும் இருந்தான். இது அண்ணன் தம்பிச் சண்டை போன்றது. சண்டை முடிந்த பிறகு தோற்ற பக்கத்து வீடுகளில் ஏன் அவ்வளவு மௌனம் என்பது இதிலிருந்தே விளங்கும்.

எங்கள் வீட்டு மௌனத்தை உடைத்தவரும் அத்தைப் பாட்டிதான். 1945இல் ஜப்பான் சரணடைந்து வெள்ளைக்காரர்கள் திரும்பி வந்தார்கள். பழைய துரைகளும் திரும்பினார்கள். ஜப்பானியரோடு சேர்ந்தவர்கள் யார் யார் என்ற விசாரிப்பு தொடங்கியது. என் கொள்ளுப்பாட்டி பிள்ளைகளை எல்லாம் உட்கார வைத்து, "யார் கேட்டாலும் அண்ணன் சயாம் ரயில் ரோட்டுக்குப் போயிட்டான்னு சொல்லணும். வேற வாய் தொறக்கக் கூடாது" என்று சொல்லிவிட்டாராம். 1948இல் அவசரகாலம் வந்தது. ராணுவத்தார் லயத்துக்குள் வந்து சாமான்களைக் கிளறிப் பார்க்கிறார்கள் என்று கேள்விப்பட்டதும், காஜாங் பட்டணத்தில் எடுத்து வைத்திருந்த ஒரே படத்தையும் அடுப்பில் போட்டுவிட்டார்.

பெற்ற மகனின் முகத்தைத் தன் கையாலேயே நெருப்பில் போட்ட அந்தத் தாயை நினைத்துப் பாருங்கள். மற்றப் பிள்ளைகளின் சோற்றைக் காப்பாற்ற அவருக்கு வேறு வழி தெரியவில்லை. அவர் சொன்ன பொய் அவரோடு போகவில்லை. என் தாத்தா அதை நம்பும்படி பழகிவிட்டார். என் அப்பாவுக்கு அதுவே உண்மை. நானோ அதைப் பிள்ளைகளுக்குப் பாடமாகவே சொல்லிவிட்டேன்!

பாப்பா மலை

"அப்புறம் என்ன ஆனாரு?" என்று கேட்டேன். 1946இல் அவருடைய கூட்டாளி ஒருவர் திரும்பி வந்து, இருட்டிய பிறகு வீட்டுக்கு வந்து கொள்ளுப்பாட்டியிடம் ஏதோ சொன்னாராம். கதவுக்குப் பின்னால் நின்ற சிறுமி காதில் விழுந்தது கொஞ்சம்தான். "பாப்பா மலையில காய்ச்சல் கண்டுச்சாம். எறங்கி வரும்போது நடக்க முடியலையாம். பங்குனி மாசமாம்." அந்த மலை சயாமில் இருப்பதாகவே அத்தைப் பாட்டி அத்தனை ஆண்டும் எண்ணிக்கொண்டிருந்தார்.

பாப்பா மலையைச் சயாம் படத்தில் தேடினேன், கிடைக்கவில்லை. மலாயாப் படத்திலும் இல்லை. இரண்டு ஆண்டு கழித்து, இந்திய தேசிய ராணுவத்தின் கடைசி மாதங்களைப் பற்றிப் படித்துக்கொண்டிருந்தபோது அந்தப் பெயர் என் கண்ணில் பட்டது. பாப்பா அல்ல, போப்பா! பர்மாவின் நடுப்பகுதியில், பழைய பகான் நகருக்குத் தென்கிழக்கில் இருக்கும் அவிந்துபோன எரிமலை. உயரம் சுமார் 1,500 மீட்டர்.

1944இல் இம்பாலில் தோற்ற பிறகு, 1945 தொடக்கத்தில் ஐராவதி ஆற்றங்கரையில் பிரிட்டிஷ் சேனையைத் தடுக்க இந்திய தேசிய ராணுவத்தின் இரண்டாவது டிவிஷனை அனுப்பினார்கள். ஷா நவாஸ் கான் அதன் தளபதி. பிப்ரவரி நடுவில் பிரிட்டிஷ் சேனை ஆற்றைக் கடந்துவிட்டது. கரையில் நின்ற தில்லானின் பட்டாளம் பின்வாங்கிப் போப்பா மலைக்கு வந்தது. பிரேம் சாகலின் இரண்டாவது காலாட்படை ரெஜிமெண்டும் அங்கேதான் நிலைகொண்டது. மலாயாவிலும் பர்மாவிலும் சேர்ந்த பொதுமக்கள் நிறையப் பேர் அந்தக் காலாட்படையில் இருந்தார்கள். உணவும் மருந்தும் குறைந்த நிலையில், மார்ச் மாதம் முழுவதும் அந்த மலையைச் சுற்றிச் சண்டை நடந்தது. ஏப்ரலில் மலையைவிட்டு இறங்கினார்கள். மார்ச்சு ஏப்ரல் என்றால் நமக்குப் பங்குனி. கதவுக்குப் பின்னால் நின்ற சிறுமியின் காது பிசகவில்லை.

இன்னொரு விஷயமும் அப்போதுதான் உறைத்தது. மலாயாவிலிருந்து பர்மாவுக்குச் சிப்பாய்கள் எந்த வழியாகப் போனார்கள்? சயாம் வழியாக, புதிதாகப் போட்ட அதே மரண ரயிலில்தான்! தோட்டத்துத் தமிழர் உயிரைக் கொடுத்துப் போட்ட தண்டவாளத்தின்மேல், தோட்டத்துத் தமிழர் சிப்பாயாகப் பயணம் செய்தார்கள். 'சயாமுக்குப் போனான்' என்று கொள்ளுப்பாட்டி சொன்னது முழுப் பொய்யும் அல்ல.

பட்டியலில் இல்லாத பெயர்

மேலே சொன்ன ஷா நவாஸ் கான், சாகல், தில்லான் மூவரையும் 1945 நவம்பரில் டில்லி செங்கோட்டையில் விசாரித்தது வரலாற்றுப் புகழ் பெற்ற வழக்கு. நேருவே வக்கீல் அங்கி அணிந்து வந்து நின்றார். ஆயுள் தண்டனை விதித்தார்கள். நாடே கொதித்ததால் 1946 ஜனவரி தொடக்கத்தில் அதை நீக்கினார்கள். அந்த வழக்கில் போப்பா மலையில் நடந்தவை பற்றிச் சாட்சிகள் சொன்னது பக்கம் பக்கமாக அச்சில் இருக்கிறது. அதிகாரிகளுக்கு அத்தனை காகிதம்! காஜாங்கிலிருந்து போன பால்மரத் தொழிலாளிக்கு ஒரு வரி இல்லை.

இதற்காக அழுது பயனில்லை. வெள்ளைக்காரர்கள் தங்கள் போரை எப்படி நினைவில் வைத்தார்கள் என்று பாருங்கள். காஜாங்கை அடுத்து பிராங் பெசார் என்றொரு தோட்டம் இருந்தது. மலாய் மொழியில் 'பெரும் போர்' என்று பொருள். முதல் உலகப் போரில் பணியாற்றிவிட்டு வந்த துரைகள் திறந்த தோட்டம் அது. தங்கள் போரைத் தோட்டத்துக்கே பெயராக வைத்தார்கள். இன்று அந்த இடம் புத்ராஜெயா. நம்மவர்களின் பெரும் போருக்கு ஒரு லயத்துக்குக்கூடப் பெயர் இல்லை. சிங்கப்பூர்க் கடற்கரையில் 1945 ஜூலையில் நேதாஜி அடிக்கல் நாட்டி எழுப்பிய நினைவுச் சின்னத்தையும், திரும்பி வந்த பிரிட்டிஷார் இடித்துத் தள்ளினார்கள். 1995இல் சிங்கப்பூர் அரசு அந்த இடத்தில் ஒரு நினைவுப் பலகை வைத்தது.

நீங்கள் கேட்க வேண்டிய கேள்விகள்

ஆகவே நமக்கு இருக்கும் முதல் பதிவேடு நம் வீட்டுக் கிழவர் கிழவிகளின் நினைவுதான். அவர்களிடம், "தாத்தா போர்க்காலத்துல என்ன செஞ்சாரு?" என்று பொத்தாம் பொதுவாகக் கேட்டால், "அதெல்லாம் பெரிய கஷ்டம்ப்பா" என்று முடித்துவிடுவார்கள். சின்னச் சின்னதாகக் கேளுங்கள்.

போனது எந்தப் பண்டிகைக்கு முன், எதற்குப் பின்? ரயில் ரோட்டுக்குத் தோட்டங்களில் ஆள் பிடித்தது பெரும்பாலும் 1943இல். படைக்குப் பொதுமக்கள் திரண்டது அந்த ஆண்டு ஜூலைக்குப் பிறகு.

அழைத்துப் போனது யார்? தோட்டத்தில் பெயர்ப் பட்டியல் போட்டு லாரியில் ஏற்றினார்களா? பட்டணத்துக் கூட்டத்துக்குப் போய்த் தாமே பெயர் கொடுத்தாரா?

காலில் என்ன போட்டிருந்தார்? லீவில் வீட்டுக்கு வந்தாரா? ரயில் ரோட்டுக்குப் போனவருக்கு உடுப்பும் இல்லை, லீவும் இல்லை.

வாயில் என்ன சொல் வந்தது? ஜெய்ஹிந்த், இந்துஸ்தானிக் கட்டளைகள் என்றால் படை. ரயில் ரோட்டிலிருந்து பிழைத்து வந்தவர்களோ ஜப்பான்காரனின் 'பாகேரோ' வசவையும், காலையில் வரிசையில் நின்று எண் சொன்னதையும் சொல்வார்கள்.

என்ன ஊர்ப் பெயர் சொன்னார்? எவ்வளவு சிதைந்திருந்தாலும் அப்படியே எழுதிக்கொள்ளுங்கள். திருத்தாதீர்கள். காஞ்சனபுரி, பான்போங், நீக்கே என்றால் ரயில் ரோடு. மேமியோ, மண்டலே, இம்பால், மணிப்பூர் என்றால் படை. 'பாப்பா மலை'யை நான் அன்றே 'ஏதோ மலை' என்று எழுதியிருந்தால் இந்தக் கட்டுரையே இல்லை.

இவற்றை எழுதிய பிறகு காகிதங்களைத் தேடலாம். கோலாலம்பூரில் தேசிய ஆவணக் காப்பகம் இருக்கிறது. பழைய சிலாங்கூர் அரசாங்கக் கோப்புகளை அங்கே பார்க்கலாம். சிங்கப்பூர் தேசிய ஆவணக் காப்பகம், ஜப்பானிய ஆட்சிக் காலத்தில் வாழ்ந்தவர்களின் வாய்மொழிப் பேட்டிகளைச் சேர்த்து வைத்திருக்கிறது. பலவற்றை வீட்டிலிருந்தே இணையத்தில் கேட்கலாம். டில்லியில் உள்ள இந்திய தேசிய ஆவணக் காப்பகத்தில் இந்திய தேசிய ராணுவம் பற்றிய கோப்புகள் உண்டு. 'அபிலேக் பட்டல்' என்ற அதன் இணையத் தளத்தில் பெயர் போட்டுத் தேடலாம். போருக்குப் பின் தமிழ்நாட்டுக்குத் திரும்பிய உறவினர் யாராவது, 1972இல் தொடங்கிய தியாகிகள் ஓய்வூதியம் வாங்கினாரா என்று ஊரில் விசாரியுங்கள். அந்த விண்ணப்பங்களில் உடன் இருந்தவர்களின் சான்று கேட்பார்கள். அதில் பட்டாளத்தின் பெயரோ முகாமின் பெயரோ இருக்கலாம். உங்கள் தாத்தா பிரிட்டிஷ் பக்கத்து இந்தியச் சிப்பாயாக இருந்து மாண்டவரானால், அவர் பெயர் தைப்பிங்கிலோ சிங்கப்பூர் கிராஞ்சியிலோ உள்ள போர் நினைவிடத்தில் பொறித்திருக்கக்கூடும்.

ஒன்று நினைவில் வையுங்கள். ஒரே தமிழ்ப் பெயரை ஆங்கிலத்தில் ஐந்து விதமாக எழுதிவிடுவார்கள். வீராசாமி ஒரு தாளில் ஒரு மாதிரி, இன்னொரு தாளில் வேறு மாதிரி. எல்லா எழுத்திலும் தேடுங்கள். அப்பா பெயரையும், தமிழ்நாட்டு ஊர்ப் பெயரையும் சேர்த்துத் தேடுங்கள்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். கிடைத்ததற்கு மேல் ஒட்டிச் சொல்லாதீர்கள். என் பெரிய தாத்தா போப்பா மலையில் இருந்தவர் என்று சொல்வேன். சாகலின் ரெஜிமெண்டா, தில்லானின் பட்டாளமா என்று என்னைக் கேட்டால், இரண்டில் ஒன்று என்பதோடு நிறுத்திக்கொள்வேன். அவர் நேதாஜியின் பக்கத்தில் நின்றவர், பதக்கம் வாங்கியவர் என்றெல்லாம் கட்டிவிட்டால், பொய்க்கு மேல் இன்னொரு பொய்தான் ஆகும். தேடிப் பார்த்து, 'ரயில் ரோட்டில் மண் சுமந்தவர்தான்' என்று தெரிந்தால் தலை குனியாதீர்கள். சப்பாத்து இல்லாத கால்கள் பட்ட பாடு எந்தச் சிப்பாய் பட்ட பாட்டுக்கும் குறைந்ததல்ல.

தண்ணீர் இருந்ததா?

போப்பாவைக் கண்டுபிடித்த அன்றே அத்தைப் பாட்டியிடம் ஓடினேன். மலையின் படத்தைக் காட்டினேன். கையில் வாங்கி வெகுநேரம் பார்த்தார். ஷா நவாஸ் கானைப் பற்றியும் செங்கோட்டையைப் பற்றியும் நான் சொன்னது எதுவும் அவர் காதில் ஏறவில்லை. ஒன்றே ஒன்று கேட்டார்:

"காய்ச்சல்ல கெடந்தவனுக்கு, அங்க குடிக்கத் தண்ணி இருந்திருக்குமா தம்பி?"

நல்ல வேளையாக எனக்குப் பதில் தெரிந்திருந்தது. சுற்றிலும் வறண்ட பூமிதான். ஆனால் போப்பா மலையில் மட்டும் ஊற்றுகள் நிறைய உண்டு. பாலைவனச் சோலை போல் பச்சையாக இருக்கும் மலை அது. "இருந்திருக்கும் பாட்டி. நிறைய ஊத்து இருக்கு" என்றேன். 75 வருஷத்துப் பாரம் இறங்கியதுபோல் ஒரு பெருமூச்சு விட்டார். அந்த மலை பர்மியருக்குச் சாமி மலை என்றும் சொன்னேன். அகாலமாகச் செத்தவர்களை அவர்கள் 'நாட்' என்று தெய்வமாக்கி அங்கே கும்பிடுகிறார்கள். நம் மதுரை வீரனைப் போலத்தான். "அப்ப அனாதையாக் கெடக்கல" என்றார்.

2021இல் அத்தைப் பாட்டி கண்ணை மூடினார். அந்தத் தீபாவளி இரவில் நான் பள்ளிக் கதையைச் சொல்லாமல் எழுந்து போயிருந்தால், சப்பாத்தும் பாப்பா மலையும் அவரோடு மண்ணுக்குள் போயிருக்கும்.

இப்போது பங்குனி அமாவாசையில் பெரிய தாத்தாவுக்குத் திதி கொடுக்கிறோம், அவருடைய சொந்தப் பெயரைச் சொல்லி. தீபாவளி இலையையும் நிறுத்தவில்லை. அது இன்னும் 'சயாம் போனவருக்கு' என்றுதான் போடுகிறோம். எங்கள் லயத்திலிருந்து ரயில் ரோட்டுக்குப் போய், படைக்க ஆள் இல்லாமல் போனவர்களுக்கு அந்த இலை.

வெறும் தாளோடு எழுந்து நின்ற அந்தப் பையனைச் சொன்னேன் அல்லவா? ஒரு வாரம் கழித்து அவன் தன் பாட்டியிடம் கேட்டு எழுதிக்கொண்டு வந்தான். அவனுடைய கொள்ளுத்தாத்தா ரயில் ரோட்டுக்குப் போய் உயிரோடு திரும்பி வந்தவராம். திரும்பி வந்த மறுவாரமே பால்மரம் வெட்டப் போனாராம். அரைப்பக்கம்தான். வகுப்பில் அதை உரக்கப் படித்தான். இந்த முறை யாரும் சிரிக்கவில்லை.

வாசகர்களே, உங்கள் வீட்டிலும் ஒரு பெரியவர் வாசலில் உட்கார்ந்திருக்கிறார். இந்த ஞாயிற்றுக்கிழமை பசியாறிய பிறகு, ஒரு பென்சிலும் பழைய நோட்டும் எடுத்துக்கொண்டு அவர் பக்கத்தில் உட்காருங்கள். காலில் என்ன போட்டிருந்தார் என்று கேட்டுத் தொடங்குங்கள்.